முதலில் உணவு, பிறகு கேள்வி

(பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: யோவான் 21:1-19)



கடந்த வியாழனன்று, மே 1-ஆம் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவைக் கொண்டாடினோம். 1955-ஆம் ஆண்டு திருத்தந்தை 12-ஆம் பயஸ் ஏற்படுத்திய விழா அது. உலகமெங்கும் உழைப்பாளர் நாள் கொண்டாடப்படும் அதே நாளில், நாசரேத்தின் தச்சரைத் திருச்சபை நம் கண்முன் நிறுத்துகிறது. அந்த விழாவை அடுத்து, நம் பங்கு வளாகத்தில் இயங்கும் சமுதாயக் கல்லூரியில் தேர்வுக் காலம் தொடங்குகிறது. வருகிற புதன்கிழமை எழுத்துத் தேர்வு. அதற்கடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. இதே மாதத்தில்தான் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வரும். நம் வீடுகளில் தூக்கம் குறைகிற மாதம் இது. ஆகவே, இன்றைய நற்செய்தியை இந்தத் தேர்வுக் காலத்தின் நடுவில் வைத்துச் சிந்திப்போம்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று நம்மில் சிலர் இன்னும் கேட்கிறார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, மறைக்கல்வி அரங்கத்தின் பின்னால் தையல் இயந்திரங்களையும் பழைய குளிர்சாதனப் பெட்டிகளையும் பார்க்கிறோம் அல்லவா? அதுதான். இந்த எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய சிறு கல்லூரி அங்கே இதற்கு முன்னோடி. நம் நாட்டில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் இந்த முயற்சியைத் தொடங்கின. இயேசு சபை அருள்பணியாளர் சேவியர் அல்போன்ஸ் அவர்கள் 1999-இல் சென்னையில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையத்தை நிறுவி, இது பல மாநிலங்களுக்கும் பரவ வழிவகுத்தார். கல்வி யாரையெல்லாம் வெளியே விட்டுவிட்டதோ, அவர்களை உள்ளே அழைப்பதே இதன் நோக்கம். வாழ்க்கைத் திறன், பேச்சுத் திறன், தொழில் திறன், பிறகு மருத்துவமனையிலோ பட்டறையிலோ நேரடிப் பயிற்சி என்று பாடங்கள் அமைந்திருக்கும். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வேறொரு வாசலில் ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அதனால், மற்றவர்களுக்குத் தேர்வு ஒரு சோதனை என்றால், இவர்களுக்கு அது ஒரு பழைய காயமும்கூட.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்வோம். அவர்களின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம்.

செவிலியர் உதவியாளர் வகுப்பில் ஒரு சகோதரி படிக்கிறார். இரண்டு பிள்ளைகளின் தாய். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இரத்த அழுத்தம் பார்க்கவும், படுத்த படுக்கையாய் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும் அவருடைய கைகள் நன்றாகப் பழகிவிட்டன. ஆனால் 'தேர்வு' என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கைகள் நடுங்குகின்றன. "மிஸ், பத்தாவதுல கணக்குல போனவ நான். எனக்கு இது வருமா?" என்று ஆசிரியையிடம் கேட்கிறார். ஆசிரியை பதில் சொல்வதற்கு முன்பே அவர் கண்கள் கலங்கிவிடுகின்றன. வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து படிக்கிறார்.

குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வகுப்பில் ஒரு தம்பி. ஏப்ரல் மாதத்தின் நடுவில் திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். அலைபேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. அவருக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் விசாரித்தபோது, காய்கறிச் சந்தையில் இரவு முழுவதும் மூட்டை இறக்குகிறார் என்று தெரிந்தது. ஆசிரியர் ஒரு நாள் விடியற்காலையில் அங்கேயே போனார். "ஏன் வரவில்லை?" என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். பக்கத்துக் கடையில் இரண்டு பேருக்கும் டீயும் பன்னும் வாங்கினார். இருவரும் ஒரு கோணி மூட்டையின்மேல் உட்கார்ந்தார்கள். பாதி டீ குடித்த பிறகு, தம்பி தானாகவே பேசினார். அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருக்கிறார். வாரா வாரம் கடன் தவணை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். இந்த நிலையில் சீருடைப் பணத்தைக்கூட கட்டாமல் வகுப்புக்கு எப்படி வருவது என்று வெட்கம்.

அன்பார்ந்தவர்களே, அந்த ஆசிரியர் செய்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, திபேரியக் கடற்கரைக்குப் போவோம்.

ஏழு சீடர்கள் இரவு முழுவதும் வலை வீசியிருக்கிறார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மீன்பிடிப்பதில் அவர்கள் புதியவர்கள் அல்லர். பிறந்து வளர்ந்த கடல், பழகிய தொழில். தெரிந்த பாடத்திலேயே தோற்றுப்போவதன் கசப்பு அது. விடியற்காலையில் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் முதலில் கேட்பது, உண்பதற்கு ஏதாவது கிடைத்ததா என்பதே. கிரேக்க மூலத்தில் உள்ள சொல், அப்பத்தோடு சேர்த்துச் சாப்பிடுகிற ஒன்றைக் குறிக்கும். நம் வழக்கில் சொன்னால், தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வி. அவர்கள் "இல்லை" என்கிறார்கள். ஏன் இல்லை, என்ன செய்தீர்கள், எங்கே கவனம் போனது என்று அவர் கேட்கவில்லை. படகின் வலப்பக்கம் வலையை வீசச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள் கிடைக்கின்றன. வலை கிழியவில்லை.

இனி கவனியுங்கள். அவர்கள் கரைக்கு வந்து சேரும்போது அங்கே கரி நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் மீனும், கூடவே அப்பமும் தயாராக இருக்கின்றன. சாவை வென்ற ஆண்டவர், விண்ணகத்திலும் மண்ணகத்திலும் அதிகாரம் பெற்றவர், குனிந்து அடுப்பு மூட்டிக் காலை உணவு சமைத்து வைத்திருக்கிறார். உணவு தயாராக இருந்தும், நீங்கள் பிடித்த மீன்களிலும் சில கொண்டுவாருங்கள் என்கிறார். ஏன்? அவர்களுடைய உழைப்புக்கும் அந்தப் பந்தியில் இடம் கொடுக்கிறார். உதவி பெறுகிறவரை வெறுங்கையராக உணரவைக்காத உதவி அது. பிறகு, சாப்பிட வரும்படி அழைக்கிறார்.

அந்தக் கரி நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. யோவான் இங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று இங்கே. மற்றொன்று பதினெட்டாம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில். குளிராய் இருந்த அந்த இரவில் காவலர்கள் மூட்டிய கரி நெருப்பின் அருகே நின்று குளிர்காய்ந்தபோதுதான், பேதுரு தம் ஆண்டவரைத் தெரியாது என்றார். மூன்று முறை கேள்வி. மூன்று முறையும் தோல்வி. அந்த வாசனை பேதுருவின் மூக்கை விட்டுப் போயிருக்காது. இப்போது அதே வாசனை கடற்கரையில் வீசுகிறது. தோற்றுப்போன இடத்தை நினைவூட்டும் ஒரு நெருப்பின் அருகே ஆண்டவர் அவரைக் கூப்பிடுகிறார். ஆனால் இந்த நெருப்பின்மேல் அவருக்காக உணவு வெந்துகொண்டிருக்கிறது.

நற்செய்தியாளர் அடுத்து மிகக் கவனமாக எழுதுகிறார்: அவர்கள் உணவருந்திய பின்பே இயேசு பேதுருவிடம் கேள்வி கேட்டார். முன்பு அல்ல. மூன்று தோல்விக்கு மூன்று கேள்விகள். நம் மொழியில் சொன்னால் இது ஒரு துணைத்தேர்வு. மூன்று பாடத்திலும் தவறியவருக்கு மூன்று பாடத்திலும் மறுவாய்ப்பு. வினாத்தாள் மட்டும் மாறிவிட்டது. ஏன் அப்படிச் செய்தாய் என்பது கேள்வி அல்ல. இனிமேல் ஒழுங்காய் இருப்பாயா என்பதும் கேள்வி அல்ல. என்னை அன்பு செய்கிறாயா என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொன்னதும் பேதுருவுக்குக் கிடைத்த பணி என்ன? என் ஆடுகளைப் பேணி வளர், அவற்றுக்கு உணவு கொடு என்பதே. தனக்குப் பரிமாறப்பட்டது போலவே, இனி நீ மற்றவர்களுக்குப் பரிமாறு. திருச்சபையின் முதல் தலைவருக்கான பணி நியமனம் ஒரு காலை உணவுக்குப் பிறகு நடந்தது.

பழைய ஏற்பாட்டிலும் ஆண்டவர் இதே வரிசையில்தான் செயல்படுகிறார். அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா, அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிட்டுத் தனியாகப் பாலைவனத்தில் நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார். இறைவாக்கினர்களில் தலைசிறந்தவர் சாவைக் கேட்கிறார்! ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விடுகிறார். வானதூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மீண்டும் தூக்கம். மீண்டும் உணவு. பிறகுதான் 40 நாள் பயணம். அதன் பிறகுதான், ஓரேபு மலையில், ஆண்டவரின் கேள்வி வருகிறது. எலியா, தாம் ஒருவர் மட்டுமே எஞ்சியிருப்பதாகச் சொன்னபோது, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று ஆண்டவர் கணக்குச் சொல்கிறார். எலிசாவைத் துணையாகத் தருகிறார். பணியாளரை விட்டுவிட்டுத் தனியே வந்தவர், துணையோடு திரும்புகிறார்.

அன்பார்ந்தவர்களே, இன்று நாம் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்றே: சோர்ந்துபோனவருக்கு முதலில் உணவு, பிறகு கேள்வி. இந்த வரிசையை மாற்றாதிருப்போம்.

ஒரு தந்தை இப்படிக் கேட்கலாம்: "சாமி, கண்டிக்காமல் விட்டால் பிள்ளை படிப்பானா? சோறு போட்டுத் தட்டிக்கொடுத்தால் மட்டும் தேர்ச்சி வந்துவிடுமா?" நியாயமான கேள்விதான். ஆண்டவர் பேதுருவைக் கேள்வி கேட்காமல் விடவில்லையே! மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு மனம் வருந்தினார் என்று நற்செய்தியே சொல்கிறது. கேள்வி வேண்டும். பொறுப்பு வேண்டும். ஆனால் பசித்த வயிற்றிலும் தூங்காத கண்களிலும் கேள்வி இறங்காது. அது மிரட்டலாகவே கேட்கும். தேர்வு எழுதிவிட்டு வருகிற பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் "எத்தனை கேள்வி விட்டாய்?" என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. நம் தமிழ் மரபில் வீட்டுக்கு வருகிறவரிடம் முதலில் கேட்கும் கேள்வி எது? "சாப்பிட்டீங்களா?" என்பதுதானே. முன்பின் தெரியாத விருந்தினருக்குக் கேட்கிற அந்தக் கேள்வியை, தேர்வு மாதத்தில் சொந்தப் பிள்ளைக்கும் கேட்போம்.

புனித தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத் அம்மையாரை நம் பங்கு மக்கள் பலர் அறிவார்கள். 1846-இல், முதிய வயதில், சொந்த ஊரை விட்டுத் தூரின் நகருக்கு மகனோடு வந்தார். 1847-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, மழையில் நனைந்த அநாதைச் சிறுவன் ஒருவன் கதவைத் தட்டினான். அந்த அம்மா அவனை அடுப்பருகே உட்காரவைத்து, சூப்பும் ரொட்டியும் கொடுத்து, சமையலறையிலேயே படுக்கை விரித்தார். தொழில் கற்றுத்தரும் பட்டறைகள் பிறகு வந்தன. இன்று உலகெங்கும் இருக்கும் சலேசியத் தொழிற்பயிற்சிக் கூடங்களுக்குப் பின்னால் ஒரு தாயின் சமையலறை இருக்கிறது.

சரி, நம் பங்கில் இந்த மாதம் என்ன செய்யப்போகிறோம்? பங்குப் பேரவை கூடி எடுத்த முடிவுகளைச் சொல்கிறோம்.

நாளை முதல் தேர்வு முடியும்வரை, மறைக்கல்வி அரங்கம் மாலை 5.30 முதல் இரவு 9 மணிவரை படிப்பதற்காகத் திறந்திருக்கும். விளக்கு, மின்விசிறி, குடிநீர் எல்லாம் இருக்கும். சமுதாயக் கல்லூரி மாணவர்கள் மட்டுமல்ல, வீட்டில் படிக்க இடமில்லாத எந்தப் பிள்ளையும் வரலாம். எந்தச் சமயம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வோர் அன்பியமும் ஒரு மாலை சிற்றுண்டிப் பொறுப்பை ஏற்கிறது. சுண்டலும் டீயும் போதும், ஆடம்பரம் வேண்டாம். பரிமாறுகிறவர்கள் அறிவுரை சொல்ல வேண்டாம். பெயரைக் கேளுங்கள், அடுத்த நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தேர்வு நாள்களில் படிக்கும் தாய்மாரின் பிள்ளைகளை மரியாயின் சேனைச் சகோதரிகள் காலை முதல் மதியம்வரை பார்த்துக்கொள்வார்கள். கட்டணப் பாக்கி, பேருந்துச் செலவு போன்றவற்றுக்கு வின்சென்ட் தே பவுல் சபையினரை அணுகலாம். பெற்றவர் பெயர் அறிவிப்பில் வராது.

அடுத்தது, வராதவர்களைப் பற்றியது. படிக்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால், அதே மாலையில் அவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். இளைஞர் இயக்கம் இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. தேர்வு முடிவு வரும் நாளில் வெற்றி பெற்றவர்கள் தாங்களாகவே இனிப்போடு நம்மிடம் வருவார்கள். மற்றவர்கள் வரமாட்டார்கள். அவர்களிடம் நாம்தான் போக வேண்டும். தவறிய பாடங்களுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் துணைத்தேர்வு இருக்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் நாள் தவறிவிடாமல் உதவி செய்யுங்கள்.

முடிவுகள் வந்தபின் வரும் ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு, தேர்வு எழுதிய அனைவருக்கும் காலை உணவு. மதிப்பெண் வாசிக்கப்படாது. பதாகை கிடையாது. தேர்ச்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். பரிமாறுவது நாம்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. சில நேரங்களில் உணவும் ஓய்வும் மட்டும் போதாது. பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டால், பிடித்தவற்றைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால், அதை நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுமையை இறக்கிவைக்க ஒரு வழி திறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழில் பேசலாம். 1986 முதல் சென்னையில் இதற்காகவே பணியாற்றும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. பேனாவை எடுத்து இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவு அல்ல. எலியாவிடம் ஆண்டவர் ஒரு வானதூதரை அனுப்பினார்; நம்மிடம் மருத்துவரையும் அனுப்புகிறார்.

சில வீடுகளில் இந்த மாதம் ஒரு புகைப்படத்தின்முன் மெழுகுதிரி எரியும். அந்தப் பெற்றோரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது: கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கின்றன என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகப் போதிக்கிறது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று 2283-ஆம் எண்ணில் கூறுகிறது. அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது. உங்கள் பிள்ளையை நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் நினைக்கிறோம். உங்கள்மேல் யாரும் விரல் நீட்டக் கூடாது.

சந்தையில் மூட்டை இறக்கிய அந்தத் தம்பியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். கடன் தவணையைப் பற்றி வின்சென்ட் தே பவுல் சபையினர் அவர் வீட்டில் பேசியிருக்கிறார்கள். உடன் படிக்கும் மாணவர்கள் விடுபட்ட பாடங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அவர் மதியம் வகுப்புக்கு வருகிறார். சில நாள் மேசையிலேயே தூங்கிவிடுகிறார். ஆசிரியர் எழுப்புவதில்லை, கால் மணி நேரம் விடுகிறார். தேர்ச்சி பெறுவாரா என்பது இன்னும் தெரியாது. நேற்று, செயல்படாமல் கிடந்த பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை அவர் பழுது நீக்கி ஓடவைத்தார். படிக்க வருகிறவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் அதிலிருந்துதான் வரப்போகிறது. நீங்கள் பிடித்த மீன்களிலும் சில கொண்டுவாருங்கள் என்று ஆண்டவர் சொன்னதன் பொருள் அங்கே தெரிகிறது.

மன்றாடுவோம். கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருக்கும் ஆண்டவரே, இரவெல்லாம் உழைத்தும் வெறும் வலையோடு திரும்புகிறவர்களை நீர் அறிவீர். தேர்வு எழுதும் எம் பிள்ளைகளுக்குத் தெளிந்த மனத்தையும், கல்வியைத் தேடி மீண்டும் வந்த தாய்மாருக்குத் துணிவையும், கற்பிப்போருக்குப் பொறுமையையும் தந்தருளும். கேட்பதற்கு முன் பரிமாற எங்களுக்குக் கற்றுத்தாரும். தொழிலாளரான புனித யோசேப்பே, கைத்தொழில் கற்கும் யாவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.